எந்த ஃபைல் எந்த டிஸ்க்கில் இருக்கிறது, எத்தனை பிரதி இருக்கிறது என்று எப்படிக் கண்காணிக்கிறீர்கள்?

மேடைமகள்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முழுவதும் சொல்லாவிட்டால் பிரச்சினை புரியாது.

அப்பா 1970களிலும் 80களிலும் மேடை நாடகம் போட்டவர். பகலில் துறைமுகத்தில் வேலை, இரவில் சமூக மன்றத்தில் ஒத்திகை. ஒத்திகையையும் நாடகத்தையும் கேசட்டில் பதிவு செய்து வைப்பார். அவர் போன பிறகு அலமாரியில் 140 கேசட் கிடைத்தன, கூடவே பத்துப் பதினைந்து ஆல்பங்கள். இரண்டு வருடமாக ஒவ்வொரு கேசட்டாக ஓடவிட்டுக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (சுருக்கப்படாத உயர்தர ஒலி) என்பதால் ஒரு மணி நேரக் கேசட்டுக்கு 2 ஜிபிக்கு மேல் வருகிறது. அப்புறம் இரைச்சல் நீக்கிய பிரதி, வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப எம்பி3, ஆல்பப் படங்களின் ஸ்கேன், எல்லாம் சேர்ந்து பெரிதாகிவிட்டது.

இப்போது இவை இருக்கும் இடங்கள்: என் மடிக்கணினி, சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேரில் வெவ்வேறு சமயம் வாங்கிய மூன்று வெளி டிஸ்க், மகன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கிய ஒரு பழைய 500 ஜிபி டிஸ்க், செங்காங்கில் தம்பி வீட்டு நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் இணைந்திருக்கும் சேமிப்புப் பெட்டி), ஜோகூர் பாருவில் அக்கா வீட்டில் ஒரு டிஸ்க், கூகல் டிரைவில் கொஞ்சம். எது எங்கே என்று எக்செல் அட்டவணை ஒன்றில் எழுதி வந்தேன்.

போன மாதம் மடிக்கணினியில் இடம் இல்லை. அட்டவணையைப் பார்த்தேன், 11 கேசட்டின் பதிவுகளுக்கு நேரே "டிஸ்க் 3" என்று எழுதியிருந்தது. அதை நம்பி மடிக்கணினியில் அழித்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து டிஸ்க் 3ஐ மாட்டிப் பார்த்தால் அந்த ஃபோல்டரே இல்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் இடம் பற்றாமல் நானே அதிலிருந்து அழித்திருக்கிறேன், அட்டவணையில் மாற்ற மறந்திருக்கிறேன். ஒன்பது கேசட்டை மறுபடி ஓடவிட்டு எடுத்துவிட்டேன். மீதி இரண்டில் ஒன்று பாதியில் அறுந்தது, ஒட்ட வைத்து ஒருவழியாக எடுத்தாயிற்று. இன்னொன்று பிளேயருக்குள் சிக்கிக் கசங்கிவிட்டது. அதில் அப்பா தனியாக உட்கார்ந்து வசனம் சொல்லிப் பார்க்கும் குரல் இருந்தது.

எனக்கு வேண்டியது மூன்றுதான். ஒரு ஃபைல் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரே இடத்தில் தெரிய வேண்டும். டிஸ்க் மாட்டாமல் இருந்தாலும் தெரிய வேண்டும். கடைசிப் பிரதியை நான் அழிக்கப் போனால் ஏதாவது ஒன்று என்னைத் தடுக்க வேண்டும். நான் விண்டோஸ்தான் பயன்படுத்துகிறேன், மகனுக்கு லினக்ஸ் தெரியும்.

ஈசூன்வாசி:

படிக்கவே கஷ்டமாக இருந்தது அக்கா. எங்கள் கோயில் திருவிழாப் படங்களுக்கு நாங்கள் செய்வதைச் சொல்கிறேன்.

முதல் வேலை, டிஸ்க்குகளுக்குப் பெயர் வையுங்கள். "டிஸ்க் 3" என்பது பெயரே இல்லை, அடுத்த வருடம் இன்னொன்று வாங்கினால் எது 3 என்று குழம்பிவிடும். நாங்கள் மல்லி, முல்லை, தாழம்பூ என்று வைத்திருக்கிறோம். டிஸ்க்கின் மேல் ஸ்டிக்கரிலும் அதே பெயர், கணினியில் மாட்டினால் தெரியும் பெயரும் அதே.

அடுத்தது, டிஸ்க்கின் உள்ளடக்கத்தைப் பட்டியலாக எடுத்து வைக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. நான் பயன்படுத்துவது விவிவி, விர்ச்சுவல் வால்யூம்ஸ் வியூ என்பது முழுப் பெயர், இலவசம். டிஸ்க்கை ஒருமுறை மாட்டி ஸ்கேன் செய்தால் எல்லா ஃபைல் பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளும். அப்புறம் டிஸ்க் அலமாரியில் இருந்தாலும் பெயரை வைத்துத் தேடலாம். எக்செல்லில் கையால் எழுதுவதைவிட இது நூறு மடங்கு மேல்.

கட்டளைவரி:

ஈசூன்வாசி சொன்னதில் பெயர் வைப்பது மிகச் சரி. ஆனால் பட்டியல் மென்பொருள் அக்காவின் மூன்றாவது தேவைக்கு உதவாது. ஸ்கேன் செய்த நாளில் என்ன இருந்தது என்றுதான் அது சொல்லும், மறுநாள் அழித்தால் அதற்குத் தெரியாது. எக்செல்லில் நடந்த அதே விபத்து அதிலும் நடக்கும்.

நீங்கள் கேட்டிருக்கும் மூன்றையும் அப்படியே செய்வதற்கு ஒரு கருவி இருக்கிறது, கிட்-அனெக்ஸ். ஜோயி ஹெஸ் என்பவர் 2010இல் எழுத ஆரம்பித்தது, இலவசம், இன்றும் தொடர்ந்து பராமரிக்கப்படுகிறது. நரம்பியல் ஆய்வாளர்கள் பெரிய தரவுத் தொகுப்புகளுக்குப் பயன்படுத்தும் டேட்டாலாட் இதன் மேல் கட்டியதுதான். நான் ஐந்து டிஸ்க்கை வைத்துக்கொண்டு சில வருடமாக இதில்தான் இருக்கிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும்போது ப்ராஜெக்ட் வீடியோ ஒன்றைத் தொலைத்துவிட்டுத்தான் இதற்கு வந்தேன்.

எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன், அது புரிந்தால் நம்பிக்கை வரும். கிட் என்பது நிரல் எழுதுபவர்கள் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி, பெரிய ஃபைலுக்கு அது ஒத்துவராது. கிட்-அனெக்ஸ் என்ன செய்கிறது என்றால், ஃபைலின் பெயரையும் அதன் ஹேஷையும் மட்டும் கிட்டில் வைக்கிறது. ஹேஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி, எஸ்ஹெச்ஏ-256 என்ற முறையில் கணக்கிட்டு வரும் 64 எழுத்து. ஒரு பிட் மாறினாலும் ரேகை மாறிவிடும். உள்ளே இருக்கும் 2 ஜிபி தனியாக ஒரு மூலையில் இருக்கும். ஆகவே, உங்களுடைய எல்லா டிஸ்க்கிலும் எல்லா ஃபைலின் பெயரும் தெரியும், உள்ளடக்கம் மட்டும் சிலதில் இருக்கும் சிலதில் இருக்காது.

ஒவ்வொரு டிஸ்க்கும் ஒரு ரெப்போ, அதாவது கிட்-அனெக்ஸ் கவனிக்கும் ஒரு சேமிப்பிடம். ஒவ்வொரு ரெப்போவுக்கும் தனி அடையாள எண், கூடவே நீங்கள் வைக்கும் பெயர். இப்போது முக்கியமான விஷயம்: எந்த ஃபைல் எந்த ரெப்போவில் இருக்கிறது என்ற பதிவேடு, கிட்-அனெக்ஸ் என்ற பெயரிலேயே ஒரு தனிக் கிளையில் இருக்கிறது. ஒரு வரியில் நேரம், 1 அல்லது 0, ரெப்போவின் எண், அவ்வளவுதான். 1 என்றால் இருக்கிறது, 0 என்றால் எடுக்கப்பட்டுவிட்டது. 'சிங்க்' கட்டளை கொடுக்கும்போது இந்தப் பதிவேடு அப்போது இணைந்திருக்கும் எல்லா டிஸ்க்குக்கும் போய்விடும். உங்கள் எக்செல் ஒரே ஒரு கணினியில் இருந்தது, கையால் எழுதியது. இது எல்லா டிஸ்க்கிலும் இருக்கும், ஃபைலை நகர்த்தும் அதே கட்டளை இதையும் எழுதிவிடும், நீங்கள் மறக்க வழியில்லை.

'வேர்இஸ்' என்ற கட்டளையோடு ஃபைல் பெயரைக் கொடுத்தால் "3 பிரதிகள்: மல்லி, முல்லை, செங்காங் நாஸ்" என்கிற மாதிரி பதில் வரும். எந்த டிஸ்க்கையும் மாட்ட வேண்டியதில்லை.

அழிப்பதற்கு 'டிராப்'. இதுதான் உங்களுக்கானது. 'நம்காப்பிஸ்' என்று ஒரு எண் வைக்கலாம், குறைந்தது எத்தனை பிரதி இருக்க வேண்டும் என்பது அது. 2 என்று வையுங்கள். அதற்கப்புறம் மடிக்கணினியில் ஒரு ஃபைலை டிராப் செய்யச் சொன்னால், வேறு இரண்டு இடத்தில் அது நிஜமாகவே இருக்கிறதா என்று அந்த இடங்களையே போய்க் கேட்கும். பதிவேட்டில் 1 என்று இருப்பது அதற்குப் போதாது. டிஸ்க் மாட்டவில்லை என்றால் கேட்க முடியாது, அதனால் மறுத்துவிடும், எந்தெந்த டிஸ்க்கை மாட்டினால் காரியம் ஆகும் என்றும் சொல்லும். போன மாதம் இது இருந்திருந்தால் "டிஸ்க் 3ஐ மாட்டு" என்று அங்கேயே நின்றிருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. விண்டோஸில் ஓடும், ஆனால் லினக்ஸிலும் மேக்கிலும் ஓடுகிற மாதிரி சுகமாக இருக்காது. மகனிடம் சொல்லி ஒரு பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு, அதை இந்த வேலைக்கென்றே ஒதுக்குங்கள். இன்னொன்று, கடையில் வாங்கும் டிஸ்க் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவத்தில் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறை) வரும். எக்ஸ்ஃபேட்டில் சிம்லிங்க் (வேறு இடத்தில் இருக்கும் ஃபைலைக் காட்டும் குறுக்குவழி) கிடையாது என்பதால் கிட்-அனெக்ஸ் ஒரே ஃபைலை இரண்டு முறை வைக்கும், இடம் இரட்டிப்பாகப் போகும். முடிந்த டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் காலி செய்து லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவத்துக்கு மாற்றுவது நல்லது. காலி செய்வதற்கு முன்னால் அதில் இருப்பது வேறு இரண்டு இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு!

மேடைமகள்:

மிக்க நன்றி தம்பி. மகனிடம் காட்டினேன், அவனும் கேள்விப்பட்டிருக்கிறானாம்.

சில சந்தேகம். ஒரே பதிவு பல டிஸ்க்கில் பல பெயரில் இருக்கிறது. ஒன்றில் "கேசட் 47", இன்னொன்றில் "அப்பா ஒத்திகை 1978". இதை அது ஒன்று என்று புரிந்துகொள்ளுமா? ஒரே டிஸ்க்கிலேயே இரண்டு ஃபோல்டரில் ஒரே ஃபைல் இருந்தால் இரண்டு பிரதி என்று எண்ணிவிடுமா? ஒரு டிஸ்க் செத்துப்போனால் பதிவேட்டில் அது இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்குமா? பெயரை மாற்றினால், ஃபோல்டரை மாற்றினால் எல்லாம் குலைந்துவிடுமா?

கட்டளைவரி:

நல்ல கேள்விகள் அக்கா.

பெயர் அதற்கு முக்கியமே இல்லை, உள்ளடக்கத்தின் ஹேஷ்தான். "கேசட் 47"உம் "அப்பா ஒத்திகை 1978"உம் பிட்டுக்குப் பிட் ஒன்றாக இருந்து, ஃபைல் பெயரின் கடைசியில் வரும் வேவ் என்ற பகுதியும் ஒன்றாக இருந்தால், ஒரே பொருள்தான். ஆனால் இரைச்சல் நீக்கியதோ மறுபடி பதிவு செய்ததோ வேறு ஹேஷ், வேறு ஃபைல். காதுக்கு ஒன்றாகக் கேட்டாலும் கருவிக்கு வேறுதான்.

ஒரே டிஸ்க்கில் இரண்டு ஃபோல்டரில் இருந்தால் ஒரு பிரதி என்றே எண்ணும். ரெப்போவைத்தான் எண்ணுகிறது, பெயரை இல்லை. அந்த டிஸ்க் கீழே விழுந்தால் இரண்டும் ஒன்றாகத்தானே போகும்.

பெயர் மாற்றலாம், ஃபோல்டர் மாற்றலாம், 2 ஜிபியை அது மறுபடி நகலெடுக்காது. ஒரு டிஸ்க்கில் மாற்றியது சிங்க் செய்ததும் மற்றவற்றிலும் மாறும்.

செத்த டிஸ்க்குக்கு 'டெட்' என்றே கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்ததும் அந்த டிஸ்க் கணக்கிலிருந்து விலகிவிடும், எந்த ஃபைலுக்கு இப்போது பிரதி குறைந்துவிட்டது என்று உடனே தேடலாம். முழுதாகச் சாகாமல் சந்தேகமாக இருக்கும் டிஸ்க்கை 'அன்ட்ரஸ்ட்' செய்து வையுங்கள், அதில் இருக்கும் பிரதியை எண்ணிக்கையில் சேர்க்காது. உங்கள் பழைய 500 ஜிபி டிஸ்க்கை முதல் நாளே அப்படி வைப்பேன் நான்.

ஆரம்பிக்கும்போது ஒழுங்குபடுத்த முயலாதீர்கள். ஒவ்வொரு டிஸ்க்கிலும் ரெப்போவை அமைத்து, இருப்பதை இருந்த மாதிரியே அந்த டிஸ்க்கின் பெயரில் ஒரு ஃபோல்டருக்குள் சேர்த்துவிடுங்கள். ஹேஷ் போட்டு முடிக்க யுஎஸ்பி டிஸ்க்கில் பல மணி நேரம் ஆகும், இரவில் விடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து சிங்க் செய்ததும் எது எங்கே இருக்கிறது என்ற படம் தானாக வந்துவிடும். ஒழுங்குபடுத்துவதெல்லாம் அதற்கு அப்புறம்.

பழையநாடா:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். தொண்டூழியராகப் பழைய ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்றும் வேலையில் பல வருடம் இருந்திருக்கிறேன். கட்டளைவரி சொன்ன கருவி நல்ல கருவிதான், ஆனால் அதை இயக்கத் தெரிந்தவர் மகன் ஒருவர்தான் என்றால், மகன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனால் என்ன செய்வீர்கள்? ஜோகூரில் இருக்கும் அக்கா அந்த டிஸ்க்கை மாட்டினால் அவருக்குப் புரிகிற ஃபோல்டர் தெரிய வேண்டும்.

நாங்கள் செய்தது எளிமையானது. ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு, அதில் எல்லா ஃபைலின் பெயரும் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷும். விண்டோஸிலேயே இருக்கும் பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தில் 'கெட்-ஃபைல்ஹேஷ்' என்று கொடுத்தாலே வரும், எதையும் நிறுவ வேண்டாம். எல்லா டிஸ்க்கின் பட்டியலையும் எல்லா டிஸ்க்கிலும் போட்டு வைப்போம், ஒன்றை அச்சிட்டு டிஸ்க் பெட்டிக்குள்ளும் வைப்போம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாட்டி, மறுபடி ஹேஷ் எடுத்து, பழைய பட்டியலோடு ஒப்பிட வேண்டும். இருபது வருடம் கழித்தும் யாரும் படிக்கலாம்.

அப்புறம், கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும், அதை உடைத்துவிட்டால் தவறிப்போய்க்கூட மேலே வேறு எதுவும் பதிவாகாது. நம் ஊர் ஈரப்பதத்துக்கு வீட்டில் அப்படியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும். புகைப்படக்காரர்கள் கேமரா லென்ஸ் வைக்கும் டிரை கேபினெட் ஒன்று வாங்குங்கள், சிறியது நூறு, நூற்றைம்பது வெள்ளிக்குக் கிடைக்கும். நாடாவையும் ஆல்பத்தின் நெகட்டிவையும் அதில் வைக்கலாம். கசங்கிய நாடாவையும் எறியாதீர்கள்! கசங்கின நாடாவைக் கைதேர்ந்தவர்கள் கழற்றி வேறு கூட்டில் மாற்றி, கசங்கிய இடம் தவிர மற்றதை எடுத்துக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களிடம் இருப்பது உங்கள் குடும்பச் சொத்து மட்டும் இல்லை. 2015இல் சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்மயமாக்கித் தேசிய நூலகத்தில் வைத்தார்கள், ஏனென்றால் அவரவர் வீட்டில் இருந்தவை மெல்ல அழிந்துகொண்டிருந்தன. தேசிய ஆவணக் காப்பகம் 1979இலிருந்து வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்து வருகிறது. உங்கள் அப்பாவின் நாடகப் பதிவுகளில் ஆர்வம் உண்டா என்று இரண்டு இடத்திலும் கேட்டுப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் அதைவிடப் பாதுகாப்பான மூன்றாவது பிரதி உங்களுக்குக் கிடைக்காது.

கட்டளைவரி:

அக்காவின் அக்கா படிக்க வேண்டும் என்பதை நான் யோசிக்கவில்லை, சரியான பேச்சு. ஆனால் பட்டியல் முறை அழிப்பதைத் தடுக்காது, இல்லாமல் போனதை ஆறு மாதம் கழித்துச் சொல்லும். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்பேன். இங்கே இருப்பவற்றுக்குக் கிட்-அனெக்ஸ், ஜோகூர் டிஸ்க் மட்டும் சாதாரண ஃபோல்டரும் ஹேஷ் பட்டியலும்.

ஈசூன்வாசி:

கூகல் டிரைவை யாரும் பேசவில்லை. அக்கா, கணினியோடு தானாக ஒத்திசையும்படி வைத்திருந்தால் அதைப் பிரதி என்று எண்ணாதீர்கள். கணினியில் அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும், குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். எங்கள் குழுவில் ஒருவர் அப்படி ஒரு வருடப் பொங்கல் படங்களை முழுதாக இழந்தார்.

மேடைமகள்:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். நீங்கள் எல்லாரும் சொன்னதைச் செய்யத்தான் இவ்வளவு நாள் ஆனது.

மகன் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். டிஸ்க்குகளுக்கு அப்பா நடித்த பாத்திரங்களின் பெயர் வைத்திருக்கிறேன், மறக்கவே மாட்டேன். கட்டளைவரி தம்பி சொன்ன மாதிரி எதையும் ஒழுங்குபடுத்தாமல் அப்படியே சேர்த்தோம், நான்கு இரவு ஆனது. பிரதி குறைவாக இருப்பதைத் தேடினால், 37 ஃபைலுக்கு ஒரே ஒரு பிரதிதான், அதில் 29 அந்தப் பழைய 500 ஜிபி டிஸ்க்கில் மட்டும். அன்று இரவே அவற்றை வேறு இரண்டு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டுத்தான் படுத்தேன். மூன்று முறை நகலெடுத்து வைத்திருந்த எம்பி3கள் ஏராளம், ஒரு முறைகூட நகலெடுக்காத மூலப் பதிவுகள் இத்தனை என்று எனக்கு இதுவரை தெரியவே தெரியாது.

நேற்று மடிக்கணினியில் ஒரு ஃபோல்டரை டிராப் செய்தேன், மாட்டியிருந்தது ஒரு டிஸ்க் மட்டும். மறுத்துவிட்டது. இன்னொரு டிஸ்க்கை மாட்டிய பிறகுதான் விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காணாமல் போன அந்த ஒரு பதிவு எந்த டிஸ்க்கிலும் இல்லை. கசங்கிய கேசட்டைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன், பழையநாடா சொன்ன மாதிரி கைதேர்ந்தவர் யாராவது தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். டிரை கேபினெட் வாங்கியாயிற்று. காப்பகத்துக்கு மின்னஞ்சல் எழுதியிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்போது ஒரு கேள்வி. செங்காங் நாஸில் 'எஃப்எஸ்சிகே' (ஃபைல்கள் கெட்டிருக்கின்றனவா என்று ஹேஷ் போட்டுப் பார்க்கும் கட்டளை) ஓடவிட்டோம், மூன்று ஃபைல் ஹேஷ் பொருந்தவில்லை என்று சொல்லி அவற்றை 'பேட்' என்ற ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டது. நான் ஏதாவது செய்ய வேண்டுமா?

கட்டளைவரி:

சேதமான பிரதியைத் தனியே எடுத்து வைத்து, "இங்கே இல்லை" என்று பதிவேட்டையும் அதுவே திருத்தியிருக்கும். அந்த மூன்றுக்கும் வேர்இஸ் பாருங்கள். வேறு டிஸ்க்கில் இருந்தால் அங்கே ஒருமுறை எஃப்எஸ்சிகே ஓட்டி நன்றாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, அங்கிருந்து நாஸுக்கு நகலெடுங்கள். பேட் ஃபோல்டரில் இருப்பதை அதுவரை அழிக்க வேண்டாம், ஒலிப்பதிவு என்பதால் ஒரு நொடி மட்டும் கெட்டு மற்றது கேட்கலாம். நாஸில் ஒரே சமயத்தில் மூன்று கெட்டிருக்கிறது என்பதால் தம்பியிடம் சொல்லி அந்த டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையை (டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே தரும் குறிப்பு) பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை நாஸை அன்ட்ரஸ்ட் செய்து வையுங்கள்.

மேடைமகள்:

பார்த்தேன், மூன்றும் இரண்டு டிஸ்க்கில் நன்றாக இருக்கின்றன. தம்பி இன்று இரவு ஸ்மார்ட் பார்க்கிறானாம். சனிக்கிழமை ஜோகூர் போகிறேன், அக்கா டிஸ்க்குக்கு ஹேஷ் பட்டியலை அங்கேயே எடுத்து, அச்சிட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.